அப்பா இன்னும் டாங்கி கேம் விளையாடுகிறார், விடலாமா?

டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 52 வயது, தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். இரவு சாப்பாடு முடிந்ததும் பழைய கணினியில் உட்கார்ந்து, இளவயதில் விளையாடிய டாங்கி கேம், கொன்ட்ரா, அப்புறம் கிரிக்கெட் கேம் என்று இரண்டு மணி நேரம் போகிறதாம். "இந்த வயசுல என்ன விளையாட்டு" என்று அம்மாவுக்குக் கோபம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கண்ணும் மூளையும் கெட்டுப்போகுமா, நிறுத்தச் சொல்ல வேண்டுமா, இல்லை பிறந்தநாளுக்கு விளையாட்டுச் சாமான் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. பழைய டீவி கேம் செட் ஒன்றும் பரணில் கிடக்கிறதாம், அதை மறுபடி ஓடவைக்க முடியுமா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, நிறுத்தச் சொல்ல வேண்டாம். வாங்கிக் கொடுங்கள். எதை வாங்குவது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். நான் ஹட்டனில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். ரேடியோ, டீவியில் தொடங்கி இன்று கணினி, போன் வரை என் மேசைக்கு வருகின்றன. உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். பலர் மகனுக்கு என்று சொல்லித்தான் ஜாய்ஸ்டிக் கேட்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவின் வயதும் வீடியோ கேமின் வயதும் ஏறக்குறைய ஒன்று. அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' வந்தது 1972இல். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978, 'பாக்மேன்' 1980. நின்டென்டோ நிறுவனம், டீவியில் இணைத்து விளையாடும் தன் 'ஃபமிகொம்' பெட்டியை ஜப்பானில் விற்கத் தொடங்கியது 1983 ஜூலையில். மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ 1952இல் பிறந்தவர். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸைச் செய்த அலெக்ஸி பஜித்னோவ் அவரைவிட மூன்று வயது இளையவர். இதைச் செய்தவர்களே தாத்தா வயதுக்கு வந்துவிட்டார்கள். அன்று இருபது வயதில் விளையாடியவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. கேம் என்றால் சின்னப் பிள்ளைகளின் சாமான் என்ற நினைப்பு, அதை விளையாடியவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் பிறந்தது. ஆள் வளர்ந்துவிட்டார், நினைப்பு மட்டும் அங்கேயே நிற்கிறது.

அமெரிக்காவில் முதியோருக்கான ஏஏஆர்பி அமைப்பு 2019இல் எடுத்த கணிப்பில், 50 வயதைத் தாண்டியவர்களில் 44 வீதமானோர் மாதம் ஒரு தடவையாவது வீடியோ கேம் விளையாடுவதாகச் சொன்னார்கள். ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற அம்மையார் 1930இல் பிறந்தவர். 51 வயதில்தான் கேம் விளையாடவே தொடங்கினார். 90 வயதில், கேம் காணொளிகள் போடும் உலகிலேயே மூத்த யூடியூபர் என்று கின்னஸ் பதிவு பெற்றார். சுவீடனில் 'சில்வர் ஸ்னைப்பர்ஸ்' என்ற பெயரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமை விளையாடும் முதியவர்களின் அணி ஒன்று 2017இலிருந்து போட்டிகளுக்குப் போனது. வரும் சொந்தக்காரர்களுக்கு இந்த மூன்றையும் சொல்லுங்கள், போதும்.

ஆனால் நம் பக்கத்துக் கதை வேறு. அது தெரியாமல் உங்கள் அப்பாவைப் புரிந்துகொள்ள முடியாது.

தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததே 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982இல். மலையகத்துக்கு அது வந்து சேர்ந்த விதமோ இன்னும் மெதுவானது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர்தான் லக்சபான மின்நிலையங்களை ஓட்டியது. அந்தக் கரையிலேயே இருந்த பல லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார்கள். கார் பெட்டரியை டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளை டீவி பார்த்த காலம் அது. ஒரு லயத்துக்கு ஒரு டீவி இருந்தால் பெரிய விஷயம்.

அந்த ஒரே டீவிக்குத்தான் 90களில் டீவி கேம் வந்து சேர்ந்தது. அது நின்டென்டோவின் பெட்டி அல்ல. தாய்வானிலும் பிறகு சீனாவிலும் செய்த நகல். ஃபமிகொமின் உள்ளுறுப்பு அவ்வளவு எளிமையானது, முழு இயந்திரத்தையும் ஒரே மின்னணுச் சில்லுக்குள் அடக்கி மலிவாக விற்க முடிந்தது. அசல் பெட்டியின் நினைவகமே 2 கிலோபைட் தான். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த நம் பையன்கள் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, புதுத்துணியோடு ஒரு செட்டையும் அதில் செருகும் கேம் கேசட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து இருபது கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். யாருக்கும் அது குறையாகவே தெரியவில்லை.

டாங்கி கேமின் உண்மைப் பெயர் 'பேட்டில் சிட்டி'. நம்கோ நிறுவனம் 1985இல் ஃபமிகொமுக்காகச் செய்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அது விற்பனைக்கே வரவில்லை. அங்கே நின்டென்டோவோடு வளர்ந்த பலருக்கு அது தெரியாது. ரஷ்யாவிலும் இந்தியாவிலும் நம் தோட்டங்களிலும் தெரியாத ஆள் இல்லை, ஏனென்றால் நகல் கேசட் போன இடமெல்லாம் அது போனது. கீழே நடுவில் ஒரு கழுகுச் சின்னம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர், மேலேயிருந்து எதிரி டாங்கிகள். இரண்டு பேர் சேர்ந்து காவல் காக்க வேண்டும். இரண்டு பேர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னே போய் அடிக்க, மற்றவர் கழுகுக்குப் பக்கத்தில் நிற்பார். கவனமில்லாமல் சுட்டால் நம் குண்டே நம் கழுகை உடைத்துவிடும். அப்படி உடைத்தவனோடு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்த சிநேகிதர்களை எனக்குத் தெரியும்.

சுட்டுக்கொண்டே ஓடும் கொன்ட்ராவும் அப்படித்தான். கேமில் நமக்கு 30 உயிர் கிடைப்பதற்கு 'மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ' என்று அழுத்தும் ஒரு ரகசியம் உண்டல்லவா, உங்கள் அப்பாவைக் கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார். கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்பவர் 'கிரேடியஸ்' கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலையில், சோதித்துப் பார்க்க அது மிகக் கஷ்டமாக இருந்ததால் தனக்கென வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. பிறகு கொன்ட்ராவுக்கும் வந்தது. அவர் 2020இல் காலமானார். ஜப்பானில் ஒரு ஊழியர் தன் வசதிக்குச் செய்ததை, இணையமோ பத்திரிகையோ இல்லாமல், வாய் வழியாகவே மஸ்கெலியா, பொகவந்தலாவப் பையன்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

இப்போது இதை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அப்பா தலைமுறைக்கு கேம் என்பது தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடியது அல்ல. அடுத்த காம்பராவிலோ டவுன் கடையிலோ, நேரத்துக்குக் காசு கொடுத்து, பத்துப் பேர் சிமெந்துத் தரையில் நெருங்கி உட்கார்ந்து விளையாடியது. இரண்டு பேர் கையில் ஜாய்ஸ்டிக், எட்டுப் பேர் வாயால் விளையாடுவார்கள். தோற்றவன் எழும்ப வேண்டும். கரண்ட் போனால் எல்லோரும் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கதை பேசுவார்கள். அவர் இன்று கணினியில் அந்தச் சத்தத்தை, அந்த எட்டு பிட் இசையைக் கேட்கும்போது அவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டு அப்படியே இருக்கிறது. கூட விளையாடியவர்கள் இல்லை. ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில், ஒருவர் கனடாவில். அவர் தனியாக விளையாடுகிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட ஒரே குறை.

கிரிக்கெட் கேம் விஷயமும் இதோடு சேர்ந்தது. அவர் விளையாடுவது ஈஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' ஆகத்தான் இருக்க வேண்டும். 2006 கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஈஏ வேறு கிரிக்கெட் கேம் செய்யவில்லை. ஆனாலும் இன்றுவரை ரசிகர்கள் புது அணி, புது உடை, புது மைதானம் என்று கோப்புகள் செய்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பழைய கணினியிலும் ஓடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது வந்த காலம் நம் அணிக்கும் நல்ல காலம். அதே 2006இல்தான் மஹேலவும் சங்கக்காரவும் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 624 ஓட்டங்கள் சேர்த்தார்கள். முரளி பந்து போட்டுக்கொண்டிருந்தார். கண்டியில் பிறந்த ஒரு மலையகத் தமிழர் உலகத்தையே சுற்றவைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அந்த அணியை மறுபடி மறுபடி மைதானத்தில் இறக்கிப் பார்ப்பதை நான் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சரி, உடம்புக்கு வருவோம்.

கண்ணைப் பற்றி: 40 வயதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். கேம் விளையாடாதவருக்கும் வரும். திரையைப் பார்ப்பதால் கண்ணின் உள்ளே எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால் கண் காய்ந்து எரிகிறது, தலை வலிக்கிறது. அவர் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, சன்னல் வழியே தூரத்தில் எதையாவது கொஞ்சநேரம் பார்க்கட்டும். இரவென்றால் எதிர் மலையில் தெரியும் லயத்து விளக்கு போதும். அறையில் ஒரு விளக்கு எரியட்டும், இருட்டில் விளையாட வேண்டாம். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினியைப் பார்த்தால் கழுத்தை முன்னே நீட்டவேண்டி வரும். கணினி இருக்கும் தூரத்தைச் சொல்லி, அதற்கென ஒரு கண்ணாடி கேட்டு வாங்கலாம். சீனி வருத்தம் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. பார்வை மங்கினால் கேம் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கை: பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரம் வலி என்றால் இரண்டு மூன்று நாள் விடுமுறை. நம் பக்கத்துக் குளிரில் விரல் விறைத்துத்தான் இருக்கும். தொடங்குவதற்கு முன் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சநேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

வேகம் குறையும், அதை ஒளிக்கத் தேவையில்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தினர் 2014இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற போர் உத்தி கேம் விளையாடும் 3,305 பேரின் ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். 16 முதல் 44 வயது வரை உள்ளவர்கள். பார்த்ததற்குப் பதில் கொடுக்கும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது என்று கண்டார்கள். 24 வயது! அதாவது உங்கள் அண்ணன் தம்பிமாருக்கும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. மூத்தவர்கள் அந்தக் குறையை வேறு வழிகளில் ஈடுசெய்கிறார்கள். எளிய உத்தி, குறுக்குவழி விசை, வீண் அசைவு இல்லாமை. கடையில் நான் பார்ப்பதும் அதுதான். டாங்கி கேமில் பையன் ஓடி ஓடிச் சுடுவான். ஐம்பது வயதுக்காரர் எதிரி எங்கே வருவான் என்று தெரிந்து அங்கே போய் நிற்பார்.

மூளைக்கு நல்லதா? இதில் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. கலிபோர்னியாவில் 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு, இதற்கென்றே செய்த 'நியூரோரேசர்' என்ற கார் ஓட்டும் கேமை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதில், பயிற்சி பெறாத இருபது வயதுக்காரர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள், அந்தப் பலன் ஆறு மாதம் கழித்தும் இருந்தது. மொன்றியலில் 55 முதல் 75 வயது வரை உள்ளவர்களை ஆறு மாதம் 'சூப்பர் மரியோ 64' விளையாடவைத்து, மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நினைவுக்கும் இடவுணர்வுக்கும் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. அது 2017இல் வந்தது, கொஞ்சப் பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "கேம் விளையாடினால் மறதி நோய் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதைப் பழகுகிறோமோ அதில் தேர்ச்சி வரும் என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. மூளைப் பயிற்சி என்று விளம்பரம் செய்து காசு வாங்கிய 'லுமோசிட்டி' நிறுவனம், நிரூபிக்காததைச் சொல்லி விற்றதற்காக 2016இல் அமெரிக்க அரசு நிறுவனத்துக்கு 20 லட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அப்பாவுக்கு அப்படிப்பட்ட எதையும் வாங்க வேண்டாம். அவருக்குப் பிடித்த கேமை அவர் விளையாடட்டும். அது மருந்தாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 52 வயது மனிதர், நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து சந்தோஷமாக இருக்கிறார். அந்தக் காரணமே போதும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனத்தைச் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்குக் கிடையாது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முதலில் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை சேர்ந்து பொதுவாக ஓராண்டு அளவுக்காவது நீடிப்பது. உங்கள் அப்பா நேரத்துக்குப் பாடசாலை போகிறார், சாப்பிட்டு முடித்துத்தான் உட்காருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது அந்த நோய் இல்லை. தூக்கத்தை மட்டும் பாருங்கள். படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்திவிட்டால் நல்லது.

எனக்கு உண்மையான பயம் வேறு ஒன்றில். பழைய கேம் ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. போனில் வரும் இலவச கேம்களில் பல அப்படி இல்லை. காத்திருக்கவைத்து, கடைசி நேரத்தில் தோற்கவைத்து, காசு கட்டினால் ஜெயிக்கலாம் என்று சொல்லும்படி கட்டப்பட்டவை. ரம்மி, சக்கரம் சுற்றுவது என்று கேம் முகத்தோடு வரும் சூதாட்டங்களும் உண்டு. கேமை நேர்மையான ஒன்றாகப் பழகிய தலைமுறை இது. ஜெயிப்பதும் தோற்பதும் தன் கையில் என்று நம்பி வளர்ந்தவர்கள். அந்த நம்பிக்கையோடு இதற்குள் போனால் ஏமாறுவார்கள். அப்பாவின் போனில் வங்கி அட்டை இணைந்திருக்கிறதா, வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

அம்மாவின் கோபத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அந்தச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்த பத்துப் பேரில் பெண் பிள்ளை எத்தனை பேர்? நான் பார்த்த இடங்களில் அநேகமாக யாரும் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால்கூட வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தண்ணீர் எடுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள், தம்பி தங்கச்சியைப் பார்த்தார்கள். அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் வீடு மூத்த மகளின் தலையில். மலையகத்தில் அந்த வயதுப் பெண்களுக்கு விளையாட்டு பிடிக்காமல் இல்லை, நேரம்தான் யாரும் கொடுக்கவில்லை. இன்றும் விடியற்காலையில் எழும்பி ரொட்டி தட்டுகிறவர் யார், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பை கழுவுகிறவர் யார்? அப்பா கணினியில் உட்காரும் அதே நேரத்தில் அம்மா குசினியில் நின்றால், அவருடைய கோபம் கேமின் மேல் இல்லை. அப்பா கழுவி வைத்துவிட்டு உட்காரட்டும். அரை மணி நேரம் குறையும், கோபத்தில் பாதியும் குறையும்.

அப்புறம் அம்மாவையும் விளையாடக் கூப்பிடுங்கள். டாங்கி கேமுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. 2020 ஊரடங்கு நேரத்தில் நம் பக்கத்தில் லூடோ விளையாடாத வீடு குறைவு. கொழும்பிலிருக்கும் மகனோடும் வெளிநாட்டுக்குப் போன அக்காவோடும் போனில் லூடோ விளையாடிக்கொண்டே கதைத்த அம்மாமார் எத்தனையோ பேர். அவர்களும் கேம் விளையாடுகிறவர்கள்தான், தங்களை அப்படி யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். டெட்ரிஸும் நல்லது. விதி சொல்லித்தர ஒரு நிமிடம் போதும், படிப்பு தேவையில்லை, யாரையும் சுட வேண்டியதும் இல்லை.

இனி பிறந்தநாள் பரிசு. பெரிய கன்சோல் வேண்டாம். இரண்டு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். ஒன்றல்ல, இரண்டு. அவர் இப்போது விசைப்பலகையில் கொன்ட்ரா விளையாடுகிறார் என்றால் விரல்களுக்கு அது வேதனை. இரண்டாவது ஜாய்ஸ்டிக் உங்களுக்கு. வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கழுகைக் காத்துக் கொடுங்கள். முதல் சில நாள் நீங்களே சுட்டு உடைப்பீர்கள், அவர் கத்துவார், கத்தட்டும். கணினியில் எச்டிஎம்ஐ கேபிள் செருகும் வாய் இருந்தால் வீட்டு டீவியோடு இணைத்துவிடுங்கள். எழுத்தும் பெரிதாகும், நிமிர்ந்து உட்காரவும் முடியும். அப்போது "என் கை மெதுவாகிப் போச்சு" என்று அவர் சொன்னால் உடனே வயதைக் காரணம் சொல்லாதீர்கள். இன்றைய எல்சிடி டீவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுக்கின்றன, அழுத்தியதற்கும் அசைவதற்கும் இடையில் தாமதம் வருகிறது. டீவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய சிநேகிதர் யாராவது இன்னும் விளையாடுகிறார் என்றால் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' என்ற போர் உத்தி கேம் நல்ல தேர்வு. 1999இல் வந்தது, 2019இல் புதுப்பித்து வெளியிட்டார்கள், இணையத்தில் சேர்ந்து விளையாட இன்றும் ஆள் இருக்கிறது.

பரணில் கிடக்கும் செட்டுக்கு வருவோம். ஓடவைக்க முடியும், பெரும்பாலும். இந்த நகல் செட்டுகளுக்குள் பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் எதிரி மூடுபனிதான். ஈரத்தில் கேசட்டின் செம்புப் பற்கள் பச்சை பூத்துவிடும். அந்தக் காலத்தில் எல்லோரும் கேசட்டை வாயால் ஊதினோம். எச்சில் ஈரம் பட்டு அது இன்னும் கெடும், அப்படிச் செய்ய வேண்டாம் என்று நின்டென்டோவே சொல்லியிருந்தது. மருந்துக்கடையிலோ எலக்ட்ரோனிக் கடையிலோ ஐசோபுரொபைல் அல்கஹோல் வாங்கி, காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள்.

அடாப்டரில் கவனம். பழைய அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். அசல் ஃபமிகொமுக்கு 10 வோல்ட், நடு முனை மைனஸ். நகல்களில் செட்டுக்குச் செட்டு வோல்ட்டும் மாறும், முனையும் மாறும். செட்டின் அடியில் சின்ன வட்டப்படமாக அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். அச்சு அழிந்திருந்தால் செட்டை ஒரு கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், தவறான முனையில் கொடுத்தால் உள்ளே உள்ள சில்லு ஒரே நொடியில் போய்விடும்.

செட்டோடு வாத்து சுடும் துப்பாக்கியும் இருந்தால், அது எல்சிடி டீவியில் வேலை செய்யாது. துப்பாக்கி பழுது என்று நினைத்து வீசிவிடாதீர்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைச் சரியாக அந்த நொடியில் பார்க்க வேண்டும். பழைய குழாய் டீவி அதை உடனே வரையும், எல்சிடி பிந்தும், அதனால் எப்போதும் தவறும். அப்பாவுக்கு அந்த கேமும் வேண்டும் என்றால் ஒரு பழைய குழாய் டீவி தேடுங்கள். பாவிக்காமல் மூலையில் வைத்திருக்கும் வீடு டிக்கோயாவிலேயே இருக்கும், சும்மா கேட்டாலும் கொடுப்பார்கள். கொண்டுவந்ததும் முதலில் வெறுமனே போட்டுப் பாருங்கள். படம் வராவிட்டால் பின்மூடியை நீங்களோ அப்பாவோ கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரிந்த டீவிக்காரர் ஒருவரிடம் கொடுங்கள், செட்டையும் அடாப்டரையும் சேர்த்தே கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவார்.